திருகோணமலையில தனியா நிண்டு ஊர் அரசியல் எழுதுறதும் பேசுறதும்: முழுமையான வழிகாட்டி

எலக்சன் வந்தா எங்கட மாவட்டத்துல புதுசு புதுசா பேஸ்புக் பேஜ் திறப்பாங்க, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கும் அப்பிடித்தான், வட்டாரத்துக்கு ஒண்டு எண்ட கணக்கில லைவ் என்ன, போஸ்டர் என்ன, சவால் என்ன. சபைகள்ல தவிசாளர் யாரெண்டு முடிவானதும் அதில அனேகமானது படுத்திட்டுது. அதுகள் ஒரு வேட்பாளருக்காகத் திறந்த பேஜ்கள், சபையப் பாக்கிறதுக்காகத் திறந்ததில்ல. டெண்டர், குத்தகை, தெருவிளக்கு, குப்பை, காணி எல்லாம் எலக்சன் முடிஞ்ச பிறகுதான் தொடங்குது, அந்த நேரம் பாத்து ஒரு வார்த்தை கேக்க ஆளில்ல.

அந்த வேலையச் செய்ய நினைக்கிற ஆக்களுக்குத்தான் இது. ஒரு கட்சிட ஆளா இல்லாம, ஒருத்தர்ட சம்பளத்துலயும் இல்லாம, சொந்தமா எழுதி சொந்தமா ரெக்கோர்ட் பண்ணிப் போடுறது. கொழும்புல இருந்து செய்யிறவருக்கு இல்லாத ஒரு சிக்கல் எங்களுக்கு இருக்கு. நீங்க யாரப் பத்தி எழுதினீங்களோ அவர நாளைக்குக் காலையில மீன் மார்க்கட்டுல காணுவீங்க, அவர்ட மகளும் உங்கட தங்கச்சியும் ஒரே டியூசன் கிளாஸ், அவர்ட மச்சான்ட கடையிலதான் நீங்க போனுக்கு ரீலோட் போடுறது. அதால நான் எதுக்கும் வைக்கிற அளவுகோல் ஒண்டுதான், எழுதினத அந்தாளுக்கு நேர நிண்டு வாசிச்சுக் காட்ட ஏலுமா? ஏலுமெண்டா போடுங்க. ஏலாதெண்டா இன்னும் வேலை முடியல.

முதல்ல ஒரு சபையப் புடிங்க

திருகோணமலை மாவட்டத்துல 13 உள்ளூராட்சி சபை, 11 பிரதேச செயலகம், பாராளுமன்றத்துக்கு 4 ஆசனம். அதுக்கு மேல கிழக்கு மாகாண சபைட தலைமையிடமும் இஞ்சதான், 2012ல கடைசியா அதுக்கு வோட் போட்டம், 2017ல பதவிக்காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு ஆளுநரும் செயலாளர்மாரும்தான் நடத்துறாங்க. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்ல காலம் முடிஞ்சு, காசில்ல எண்டு தேர்தலத் தள்ளிப் போட்டு, 2025 வரைக்கும் மெம்பர்மார் இல்லாமலே ஓடினது. இவ்வளவையும் ஒரு ஆள் பாக்க ஏலாது. பாக்கிறன் எண்டு வெளிக்கிட்டா எல்லாத்தையும் பத்தி மேலோட்டமா நாலு வரி எழுதிட்டு இருப்பீங்க, அதத்தான் ஏற்கனவே எல்லாரும் செய்யிறாங்க.

அதால ஒரு சபை. டவுனில இருக்கிறவர் டவுன் சபை, மூதூர்ல இருக்கிறவர் மூதூர் பிரதேச சபை, கிண்ணியாவில எண்டா நகரசபையா பிரதேச சபையா எண்டு ஒண்டத் தெரிவு செய்யுங்க. பஸ்ஸில போய் அண்டைக்கே வேலையை முடிச்சிட்டு வரக்கூடிய தூரமா இருக்கணும், வெருகல்ல இருந்துகொண்டு புல்மோட்டையப் பாக்கப் போனா ஒரு மாசத்துல களைச்சுப் போயிடுவீங்க. சபையோட சேத்து ஒரே ஒரு பெரிய விசயம். அது குச்சவெளிப் பக்கம் காணியா இருக்கலாம், சம்பூரா இருக்கலாம், சீனன்குடா எண்ணெய்க் குதமா இருக்கலாம்.

பெரிய விசயங்களப் பத்தி ஒரு எச்சரிக்கை. எண்ணெய்க் குதம் எண்டா 99 தாங்கி, 2022 ஜனவரியில கையெழுத்தான ஒப்பந்தத்தில 14 தாங்கி இந்தியன் ஒயில் கம்பனிக்கு, 24 எங்கட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். சம்பூர்ல 2006ல இடம்பெயர்ந்த சனம் 2015ல திரும்பி வந்தாங்க, நிலக்கரித் திட்டம் 2016ல கைவிடப்பட்டு இப்ப அங்க சூரிய மின்சாரத் திட்டம். இதுகளுக்கு கொழும்பில இருந்தும் டெல்லியில இருந்தும் ஆக்கள் வந்து எழுதுவாங்க, கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. நீங்க அதில செய்யக்கூடியது, அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில குடியிருக்கிறவருக்கு வீட்டு உறுதி கிடைக்குமா, சம்பூர்ல எந்தக் கிராமத்து மாடு மேயிற தரை வேலிக்குள்ள போச்சு, அதக் கேட்டு எழுதுறது.

சின்ன விசயம் எண்டு நினைக்கிறது சின்னதா இருக்கிறதில்ல எண்டதுக்கு கிண்ணியாப் பக்கம் இருக்கிற குறிஞ்சாக்கேணிய விட வேற ஒண்டும் சொல்லத் தேவையில்ல. பாலம் கட்டுறதுக்காகப் பாதைய மூடினாங்க, சனம் இழுவைப் படகில ஏறி இறங்கினது, 2021 நவம்பர் 23ல அது கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் செத்தாங்க. அதுக்குப் பிறகு நாடே கேட்டுது, படகுக்கு யார் அனுமதி குடுத்தது, யார் பரிசோதிச்சது எண்டு. இதெல்லாம் பிள்ளைகள் ஏறுறதுக்கு முதல் ஒரு ஆள் சபைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ரெண்டாவது, பேப்பர் சேருங்க, வாய்க்கதை பிறகு

தேத்தண்ணிக் கடையில கிடைக்கிற தகவல்ல பாதி சரியா இருக்கும், எந்தப் பாதி எண்டுதான் தெரியாது. அதோட ஊர்ல தகவல் தாறவர் சும்மா தாறதில்ல, அவருக்கு ஒரு கோவம் இருக்கும், இல்லாட்டி அடுத்த முறை கேக்கப் போற ஆளா இருப்பார். கேளுங்க, தலையாட்டுங்க, குறிச்சு வையுங்க, ஆனா பேப்பர் கிடைக்கிற வரைக்கும் போடாதீங்க.

காசில்லாம எடுக்கக்கூடிய பேப்பரே நிறைய இருக்கு. கணக்காய்வாளர் நாயகம்ட ஒபிஸ் வெப்சைட்டில உள்ளூராட்சி சபைகள்ட வருசாந்த கணக்காய்வு அறிக்கை கிடக்குது, உங்கட சபைட அறிக்கைய எடுத்து முழுசா ரெண்டு தரம் வாசிங்க. முதல் தரம் ஒண்டும் விளங்காது, அது பரவாயில்ல. "அறவிடப்படாத நிலுவை", "உறுதிப்படுத்தப்படாத கொடுப்பனவு" எண்டு எங்கெல்லாம் வருதோ அதில மார்க்கர் போடுங்க, ஒவ்வொண்டும் ஒரு எபிசோட். அடுத்தது வர்த்தமானி, பிறகு ஹன்சார்ட், அதாவது பாராளுமன்றத்துல பேசினதுகள்ட பதிவு, உங்கட எம்.பி. எங்கட மாவட்டத்தப் பத்தி உண்மையில என்ன பேசினார் எண்டு அவர்ட பேஸ்புக் வீடியோவ விட ஹன்சார்ட்ல நல்லா விளங்கும். வேட்பாளர்மார்ட தேர்தல் செலவு அறிக்கை இன்னொண்டு, 2023ம் ஆண்டு 3ம் இலக்கச் சட்டத்தின் படி தேர்தல் முடிஞ்ச பிறகு அவங்க கணக்குக் குடுக்கணும், குடுத்ததப் பொதுமக்கள் பாக்கலாம். போய்ப் பாக்கிற ஆக்கள்தான் இல்ல.

வெளியில கிடைக்காததுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு, இத ஒழுங்காப் பாவிச்சா உங்களுக்கு மீடியா ஐடென்டிட்டி கார்டே தேவையில்ல, இலங்கைப் பிரஜையா இருந்தாப் போதும், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லவும் தேவையில்ல. தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம்.

எங்கட ஆக்கள் விடுற பிழை கேள்வியிலதான். "தெருவிளக்குக்கு எவ்வளவு காசு அடிச்சாங்க?" எண்டு கேட்டா பதில் வராது. இப்பிடிக் கேளுங்க:

"2024 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை தங்கள் சபையினால் கொள்வனவு செய்யப்பட்ட வீதி மின்விளக்குகளின் எண்ணிக்கை, கொள்வனவுத் திகதி, வழங்குநரின் பெயர், செலுத்தப்பட்ட தொகை, அவை பொருத்தப்பட்ட வட்டாரம் மற்றும் வீதி ஆகிய விபரங்களையும் உரிய வவுச்சர்களின் பிரதிகளையும் வழங்கவும்."

இதில கருத்தும் இல்ல, குற்றச்சாட்டும் இல்ல. திகதி, எண்ணிக்கை, பேர், தொகை, இடம். பதில் வந்த பிறகு அந்த வீதிக்கு இரவு ஏழரைக்குப் போய் எண்ணிப் பாருங்க, வவுச்சர்ல இருக்கிற லைட் தூணில இருக்கா எண்டு. அதுதான் ஸ்டோரி, அத எழுதுறதுக்கு ஒரு எம்.பி.யும் உங்களுக்குப் பேட்டி தரத் தேவையில்ல.

நடைமுறை இப்பிடி: சபைட தகவல் அலுவலர்ட கையில குடுத்து, கிடைச்சதுக்கு ரசீது வாங்கிட்டுத்தான் எழும்பணும். "சேர் வெளிய போயிருக்கார், வச்சிட்டுப் போங்க" எண்டா வைக்காதீங்க, இருந்து வாங்குங்க, இல்லாட்டி பதிவுத் தபால்ல அனுப்புங்க. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். கட்டணம் கட்டச் சொன்னா கட்டினதுல இருந்து 14 நாளுக்குள்ள தரணும், நிறையப் பேப்பர் தேட வேண்டி வந்தா இன்னும் 21 நாள் வரைக்கும் இழுக்கலாம். மறுத்தாலோ பேசாம இருந்தாலோ 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூணு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. இந்தத் திகதிகள போன் கலண்டர்ல போட்டு வையுங்க, அவங்க மறக்கிறத விட நாங்க மறக்கிறதுதான் கூட.

ஒரே நேரத்துல நாலஞ்சு ஆர்டிஐ வெவ்வேற இடத்துக்குப் போட்டு வச்சா, ஒண்டு இழுபட்டாலும் மற்றது வரும்.

மூணாவது, சபைக்குப் போய் இருங்க

மாசாந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் இருந்து பாக்கலாம். ரெக்கோர்ட் பண்ண விடுறாங்களா இல்லையா எண்டது சபைக்குச் சபை வேற, அதால முதல்லயே செயலாளருக்கு ஒரு கடிதம் குடுத்துக் கேளுங்க, முடியாது எண்டா அந்தப் பதிலையும் எழுத்துல வாங்குங்க.

முதல் கூட்டத்துக்குப் போனா எல்லாரும் உங்களத் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க, யார்ட ஆள் இவர் எண்டு. ரெண்டாம் மூணாம் தரம் பழகிடும். கொப்பியும் பேனையும் கொண்டு போங்க, போனத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா மெம்பர்மார் கமராவுக்குக் கதைக்கத் தொடங்கிடுவாங்க, கொப்பிக்கு அப்பிடிக் கதைக்க மாட்டாங்க. குறிக்க வேண்டியது நாலு விசயம்தான்: யார் பிரேரணை கொண்டு வந்தது, யார் ஆமோதிச்சது, யார் எதிர்த்தது, யார் எழும்பி வெளிய போனது. கடைசிதான் முக்கியம். எங்கட முறையில 60 வீதம் வட்டாரத்தால, 40 வீதம் பட்டியலால வாறதால பல சபையில தனிக் கட்சிக்குப் பெரும்பான்மை வாறதில்ல, அதால தவிசாளர் ஒருத்தர் ஒவ்வொரு மாசமும் கணக்குப் பாத்துத்தான் உக்காந்திருக்கார். வோட் நேரத்துல சரியா ஒருத்தருக்கு போன் வந்து வெளிய போறார் எண்டா அது தற்செயல் இல்ல. வருசக் கடைசியில பட்ஜெட் வாற கூட்டத்த மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க, கலியாண வீடு இருந்தாலும் சாப்பாட்டுக்குப் போய்க்கொள்ளலாம்.

கூட்டம் முடிஞ்சு வெளிய வாசல்ல நிக்கிற பத்து நிமிசம் உள்ளுக்க இருந்த ரெண்டு மணித்தியாலத்த விடப் பெறுமதி. மெம்பர்மார், கிளாக்மார், டிரைவர் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க.

எழுதுறதுக்கு முதல் மற்றப் பக்கத்தக் கேளுங்க

இத சும்மா ஒரு மரியாதைக்குச் செய்யிற வேலையா நினைக்காதீங்க. யாரப் பத்தி எழுதுறீங்களோ அவருக்கு வட்ஸ்அப்பில கேள்விய நம்பர் போட்டு அனுப்புங்க, இன்ன நாள் இன்ன மணிக்குள்ள பதில் தந்தா அப்பிடியே சேர்ப்பன் எண்டு சொல்லுங்க, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க. போன் எடுத்து, "தம்பி, உங்கட அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்" எண்டு தொடங்குவார். "ஓம் ஐயா, அப்பா சுகமா இருக்கிறார், அந்த மூணாவது கேள்விக்கு மட்டும் என்ன போடுறது எண்டு சொல்லுங்க" எண்டு திரும்பக் கேளுங்க. கோவப்படவும் வேணாம், குழையவும் வேணாம்.

பதில் தந்தா வெட்டாமப் போடுங்க, அது உங்கட ஸ்டோரியக் கொஞ்சம் பலவீனமாக்கினாலும் சரி. தராட்டி, "இன்ன திகதி கேட்டோம், பதில் கிடைக்கவில்லை" எண்டு ஒரே ஒரு வசனம், அதுக்கு மேல கிண்டல் ஒண்டும் சேர்க்க வேணாம். பிழை வந்தா அதே பக்கத்துல மேலயே திருத்தம் எண்டு எழுதித் திகதி போடுங்க, சத்தமில்லாம மாத்திட்டு இருக்காதீங்க, பழைய ஸ்கிரீன்ஷொட் ஆரிட்டயாவது கட்டாயம் இருக்கும்.

தலைப்பு விசயத்துல மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனமா இருங்க. "அதிர்ச்சி", "அம்பலம்", "கிழித்துத் தொங்கவிட்டார்" எண்டெல்லாம் போட்டா வியூஸ் வரும், ஆனா அடுத்த மாசம் உண்மையிலேயே ஒரு அதிர்ச்சியான கணக்கோட நீங்க வாறப்ப சனம் நம்பாது. அந்த சபைட கிளாக்கும் உங்களுக்குக் கதவு திறக்க மாட்டார்.

ஓடியோ: ஃபேன நிப்பாட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது

பொட்காஸ்டுக்கு ஸ்டூடியோ தேவையில்ல. காலர்ல குத்துற சின்ன வயர் மைக் ரெண்டு, ஒரு போன், எடிட் பண்ண ஓடாசிட்டி இருந்தாப் போதும், அந்த சொப்ட்வெயர் இலவசம். எங்கட ஊர்ல பிரச்சினை சத்தம்தான். ஃபேன், காகம், த்ரீவீலர், தேர்த் திருவிழா ஸ்பீக்கர், பாங்கு, பன்சலையில பிரித், எல்லாம் ஒரே வீதியில. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வெளியில பேட்டி எடுத்தா மைக்ல இரைச்சலத் தவிர ஒண்டும் இருக்காது. மாரியில தகரக் கூரைக்குக் கீழ எடுத்தா அதே கதை. அதால உள் அறை, யன்னலச் சாத்தி, கட்டில்ல மெத்தையும் துணியும் இருக்கிற அறையா இருந்தா எதிரொலி குறையும், இரவு ஒம்பதுக்குப் பிறகு எடுங்க. வேர்த்துக் கொட்டும். அதால இருபது நிமிசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி ஃபேனப் போட்டு இளைப்பாறித் திரும்ப எடுக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, விருந்தாளியும் அப்பத்தான் தண்ணி குடிச்சிட்டு அந்த இடைவெளியில உண்மையான கதையச் சொல்லுவார். அதத் திரும்ப மைக்ல சொல்லலாமா எண்டு கேளுங்க, கேக்காம ரெக்கோர்டர ஓட விட்டு வைக்காதீங்க.

தொடங்கினதும் அஞ்சு செக்கன் பேசாம இருந்து அறைச் சத்தத்த மட்டும் ரெக்கோர்ட் பண்ணுங்க, பிறகு நொய்ஸ் ரிடக்சனுக்கு அது தேவைப்படும். கடைசியில மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3ஆ எடுத்தா அரை மணித்தியாலம் 14 எம்பிக்குக் கிட்டத்தான் வரும். இத நான் அழுத்திச் சொல்லுறது ஏனெண்டா எங்கட ஆக்கள் ஸ்பொட்டிபையில கேக்கிறது குறைவு, வட்ஸ்அப் குறூப்பில ஃபைலா வந்தாத்தான் கேப்பாங்க, கடலுக்குப் போறவர் கரையில டவுன்லோட் பண்ணிட்டுப் போய் தோணியில கேப்பார், குவைத்தில இருக்கிற அக்கா சமைக்கக்குள்ள கேப்பா. ஸ்பொட்டிபையும் யூடியூபும் போடுங்க, ஆனா உங்கட உண்மையான ஸ்டேசன் வட்ஸ்அப்தான்.

எபிசோட் நீளம் இருபத்தஞ்சு நிமிசத்துக்கு மேல போனா வெட்டுங்க. தொடக்கத்துல இசையும் அறிமுகமுமா ரெண்டு நிமிசம் இழுக்காம, "இந்தக் கிழமை பிரதேச சபைட கடைத்தொகுதி குத்தகை. எத்தின கடை, யாருக்கு, எவ்வளவுக்கு" எண்டு நேர விசயத்துக்கு வாங்க. விருந்தாளிக்கு முதல்லயே தலைப்பச் சொல்லலாம், கேள்விகள அனுப்ப வேணாம், அனுப்பினா கட்சி ஒபிஸ்ல எழுதின பதிலக் கொண்டு வந்து வாசிப்பார்.

மூணு சமூகமும் கேக்கிற மாவட்டம்

இது மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எழுதின வழிகாட்டியக் கொப்பி அடிச்சு இஞ்ச ஓட்ட ஏலாத இடம். தமிழ், முஸ்லிம், சிங்களம் மூணும் பெரிய எண்ணிக்கையில இருக்கிற மாவட்டம், ஒரு சிலை, ஒரு வேலி, ஒரு பெயர்ப்பலகை போதும் கடையடைப்புக்கு. 2005 மே மாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புத்தர் சிலை வச்ச நேரம் ஊர் என்ன பாடுபட்டது எண்டு பெரிய ஆக்களக் கேட்டுப் பாருங்க. கன்னியா, திரியாய் எண்டு தொல்லியல் பேரில வாற பிரச்சினையும் அப்பிடித்தான்.

அதுக்காக எழுதாம இருக்கச் சொல்லல, அத எழுதாட்டி பிறகென்ன ஊர் அரசியல். ஆனா அந்த மாதிரி நாள்ல முதல் ஆளா லைவ் போக வேணாம். காணி யார்ட பேரில இருக்கு, வர்த்தமானி இருக்கா, டீஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) என்ன சொல்லுது, கோர்ட் ஓடர் இருக்கா, அதப் பாத்திட்டு அடுத்த நாள் போடுங்க. "அவங்க வந்து புடிக்கிறாங்க" எண்டு ஒரு இனத்தச் சொல்லாம, எந்தத் திணைக்களம், எந்த ஒபிசர், எந்தக் கடித இலக்கம் எண்டு சொல்லுங்க. இனத்தத் திட்டினா ஒரு பக்கம் கைதட்டும், ஒபிசர் தூங்கப் போயிடுவார். கடித இலக்கத்தச் சொன்னாத்தான் அவருக்குத் தூக்கம் வராது.

கிண்ணியா, மூதூர் விசயம் செய்தா அந்த ஊர் ஆள் ஒருத்தர் உங்களோட இருக்கணும், விருந்தாளியா மட்டும் இல்ல, எழுதினத வெளியிடுறதுக்கு முதல் வாசிக்கிற ஆளா. ஒரு நானாவோ (அண்ணன்) தாத்தாவோ (அக்கா) "இத இப்பிடி எழுதினா எங்கட ஆக்கள் வேற மாதிரி எடுப்பாங்க" எண்டு சொல்லுறதக் கேட்டா எத்தினையோ சண்டை மிச்சம். கந்தளாய், சேருவில பக்கம் விசயமெண்டா சிங்களத்துல ஒரு பந்திச் சுருக்கமாவது போடுங்க, இல்லாட்டி நீங்க எழுதாத ஒண்ட நீங்க எழுதினதா யாரோ மொழிபெயர்த்துச் சொல்லுவாங்க. பேஸ்புக் கொமன்ட்ல தூசணச் சொல்லுகளையும் இனத்தப் பேசுற சொல்லுகளையும் மூணு மொழியிலயும் ஃபில்டர்ல போட்டு வையுங்க, இரவு பத்துக்குப் பிறகு சூடான போஸ்டுக்குக் கொமன்டப் பூட்டிட்டுப் படுங்க.

சட்டமும் பாதுகாப்பும்

கிரிமினல் அவதூறுச் சட்டத்த 2002ல நீக்கிட்டாங்க, ஆனா நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். அதுக்கு மருந்து பேப்பர்தான். அத விடக் கவனமா இருக்க வேண்டியது 2007ம் ஆண்டு 56ம் இலக்க ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம், இன, மத வெறுப்பத் தூண்டினதா அதில புடிச்சா சாதாரணமா மேல் நீதிமன்றத்திலதான் பிணை எடுக்கணும். 2024ம் ஆண்டு 9ம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்று எண்டு சொல்லி வாறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல இருந்து இருக்கு, எங்கட பக்கத்து ஆக்களுக்கு அத விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஒரு சட்டத்தரணிய முதல்லயே தெரிஞ்சு வையுங்க, விசாரணைக்கு வரச் சொன்னா எழுத்துல கேளுங்க, தனியப் போகாதீங்க.

இது பயப்பிடுத்திறதுக்கு எழுதல. ஆனா இந்த ஊர்ல இருந்து எழுதுறவர் ஒரு பேர மறக்கக் கூடாது. 2006 ஜனவரி 2ல கடற்கரையில கொல்லப்பட்ட 5 மாணவர்கள்ட உடம்பில துப்பாக்கிக் காயம் இருந்ததக் காட்டின படங்கள எடுத்தவர் சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாசம் 24ம் திகதி திருகோணமலையில வச்சு அவரச் சுட்டுக் கொண்டாங்க. அந்தப் படங்கள் இல்லாட்டி குண்டு வெடிச்சுத்தான் செத்தாங்க எண்ட கதைதான் நிண்டிருக்கும்.

இண்டைக்கு நிலைமை அப்ப மாதிரி இல்ல, ஆனா உங்களுக்குத் தகவல் தாற ஆளுக்கு ஆபத்து இப்பவும் இருக்கு, குறைஞ்சது இடமாற்றமாவது வரும். ஒபிஸ் கடிதத்த ஒருத்தர் போட்டோ எடுத்துத் தந்தா அந்தப் போட்டோவ அப்பிடியே போடாதீங்க. மூலையில இனிசியல் இருக்கும், ஃபைல் நம்பருக்குப் பக்கத்தில பேனையால கிறுக்கின ஒரு குறி இருக்கும், மேசை விரிப்பு தெரியும், மேசை விரிப்பப் பாத்தே எந்த அறை எண்டு ஒபிஸ்ல சொல்லிடுவாங்க. விசயத்தத் திருப்பி டைப் பண்ணிப் போடுங்க, முடிஞ்சா அதே கடிதத்த ஆர்டிஐ மூலம் கேட்டு வாங்கி அதப் போடுங்க, அப்ப யார் தந்தது எண்ட கேள்வியே வராது. தந்தவர்ட பேர போன்ல முழுசா சேவ் பண்ணி வைக்காதீங்க. வீட்டாக்களுக்கு நீங்க என்ன செய்யிறீங்க எண்டு தெரிஞ்சிருக்கணும், வெளிய போனா எங்க போறீங்க எண்டு ஒருத்தருக்காவது சொல்லிட்டுப் போங்க.

காசு

சுருக்கமாச் சொன்னா வராது. வேலைய விட்டிட்டு இதில இறங்காதீங்க.

யூடியூப் விளம்பரத்துக்கு 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துல 4000 மணித்தியாலம் பார்வையும் வேணும், அதுக்குப் பிறகும் கூகிள் 100 டொலர் சேர்ந்தாத்தான் அனுப்பும், பிரதேச சபை பட்ஜெட்டப் பத்திப் பேசி அது சேருறதுக்கு எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஊர்க் கடை விளம்பரம் எடுக்கலாம் எண்டு நினைப்பீங்க, அதிலதான் பெரிய பொறி இருக்கு. கடைக்காரருக்கு வருசா வருசம் வியாபார அனுமதிப் பத்திரம் குடுக்கிறது அதே சபை. சபையப் பத்தி ஒரு எபிசோட் போன அடுத்த கிழமை எங்களுக்கு விளம்பரம் தந்த ஒரு கடைக்காரர் வந்து, "தம்பி, குறை நினைக்காதீங்க, இந்த மாசத்தோட நிப்பாட்டுவம்" எண்டார். அவரில பிழை சொல்ல ஏலாது. விளம்பரம் எடுக்கிறதெண்டா உங்கட சபை எல்லைக்கு வெளிய இருக்கிற ஆக்கள்ட எடுங்க.

வெளிநாட்டுக் காசு அடுத்தது. கனடாவில, லண்டன்ல இருக்கிற எங்கட சொந்தங்கள் மனசோடதான் அனுப்புவாங்க, ஆனா பெரிய தொகையா ஒரே ஆள்ட வந்தா ஆறு மாசத்துல அவர்ட்ட இருந்து "ஏன் இன்னாரப் பத்திப் போடல" எண்டு வொயிஸ் மெசேஜ் வரும். அதால நான் சொல்லுறது, சின்னத் தொகை, நிறையப் பேர். ஒருத்தர் இவ்வளவுக்கு மேல தரக் கூடாது எண்டு ஒரு உச்சத்தப் போட்டு எல்லாருக்கும் தெரியப் பண்ணுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவு எண்டு ஒரு பக்கக் கணக்குப் போடுங்க, சபையிட்ட கணக்குக் கேக்கிற நீங்க உங்கட கணக்கக் காட்டாட்டி முதல் கொமன்டே அதுதான் வரும்.

தேர்தல் காலத்துல வேட்பாளர் விளம்பரம் எடுக்கிறீங்களா இல்லையா எண்டத தேர்தல் அறிவிக்க முதலே முடிவு பண்ணுங்க. எடுக்கிறதெண்டா எல்லாருக்கும் ஒரே விலை, கட்டணம் பெற்ற விளம்பரம் எண்டு பெரிசாப் போடணும், வோட்டுக்கு முன்னால பிரசாரம் ஓயிற அந்த 48 மணித்தியாலத்துல ஒண்டும் போகக் கூடாது. என்னக் கேட்டா எடுக்கவே வேணாம்.

இழுத்துக்கொண்டு போறது எப்பிடி

கிழமைக்கு ரெண்டு எபிசோட், நாளுக்கு ஒரு போஸ்ட் எண்டு தொடங்குற ஆக்கள் மூணாம் மாசத்துல காணாமப் போறாங்க. மாசத்துல ரெண்டு எபிசோட் போதும், ஒண்டு சபைக் கூட்டம் முடிஞ்ச கிழமை, மற்றது ஆர்டிஐ பதிலோ ஒரு பேட்டியோ. நடுவில ஒண்டும் இல்லாட்டி ஒண்டும் போடாதீங்க, சும்மா இருக்கிறது பிழையில்ல. மழை வெள்ளம் மாதிரி நேரத்துல மட்டும் இந்த டைம்டேபிளத் தூக்கி வச்சிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல முகாம், எந்த ரோட் மூடியிருக்கு, நிவாரணப் பட்டியல ஜீஎஸ் (கிராம சேவகர்) எங்க ஒட்டியிருக்கார் எண்டு போடுங்க, தண்ணி வடிஞ்ச பிறகு அந்தப் பட்டியல்ல யார் விடுபட்டது எண்டதுதான் உங்கட அடுத்த ரெண்டு மாச வேலை.

குறைஞ்சது ரெண்டு பேரா செய்யுங்க. ஒருத்தர் எழுத, மற்றவர் விடாமக் கேள்வி கேக்க. ரெண்டு பேரும் ஒரே கட்சிக்கு வோட் போடுற ஆக்களா இல்லாட்டி இன்னும் நல்லது. எலக்சன் கேக்க ஆசை வந்தா அண்டைக்கே விலகிடணும் எண்டு முதல் நாளே எழுதி வையுங்க, கட்சிக்காரர் கட்டாயம் வந்து கேப்பாங்க, "நீங்க நல்லாக் கதைக்கிறீங்க, பட்டியல்ல போடட்டா" எண்டு.

கடைசியா ஒரு சலிப்பான வேலை. பேஸ்புக் பேஜ ஆக்கள் சேர்ந்து ரிப்போர்ட் அடிச்சா ஒரு இரவில போயிடும், அதால எல்லாத்தையும் சொந்த டொமைன்ல ஒரு சின்ன வெப்சைட்டிலயும் போடுங்க, ஒவ்வொரு பக்கத்தையும் வேபேக் மெசின்ல (வெப் பக்கங்கள்ட பிரதிய சேமிச்சு வைக்கிற தளம்) சேவ் பண்ணுங்க. ஆர்டிஐ பதில்கள ஸ்கேன் பண்ணி வருசம், சபை, விசயம் எண்டு ஃபைல் பேர் வச்சு ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, அத உங்கட வீட்டில இல்லாம வேற ஒரு வீட்டில குடுத்து வையுங்க. பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். டொமைன் ரினிவல் வாற திகதியையும் அந்த ஆர்டிஐ கலண்டர்லயே போடுங்க, அனேகமா அது பட்ஜெட் கூட்டம் நடக்கிற கிழமையிலதான் வந்து நிக்கும்.